ஒரு பெட்டிக்கு ஒரு கட்டணம்

லவோன் ஹௌகனுக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. எழுபத்தொரு வயதாகிறது, ஒருமுறைகூட விசையில் விரல் வைத்ததில்லை. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால்கூடத் தூக்கிவாரிப் போடும். ஆனால் எங்கள் பக்ஹார்ன் ஊரைச் சுற்றி அறுபது மைலுக்குள் எவனாவது தன் கொட்டகையில் உட்கார்ந்து சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறான் என்றால், அவனுக்கு ஒரு சந்தேகம் வந்ததும் முதலில் போன் அடிப்பது லவோனுக்குத்தான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்குப் பட்டாணியும் இறைச்சி உருண்டையும் அள்ளிப் போட்ட அம்மாவிடம் வெடிமருந்துச் சட்டம் கேட்கிறார்கள். எங்கள் ஊர் அப்படி.

நான் இந்த வட்டாரத்தில் பத்தொன்பது வருடமாகப் பார்சல் வண்டி ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு இருநூற்று இருபது மைல், பாதிக்கு மேல் சரளைக்கல் ரோடு. வழியில் எனக்கு மரியாதையாகக் காபி கொடுக்கும் வீடுகள் நான்கு. அதில் முதல் வீடு லவோனுடையது. அங்கே நின்றபடி எத்தனையோ போன் பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன்.

"லவோன், என் தம்பி மகன் ஸ்போகேன்ல இருக்கான். அவனுக்கு ஒரு டப்பா துப்பாக்கி மருந்து தபால்ல அனுப்பலாமா?"

"அனுப்பலாம். ஜெயில்ல உனக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு சொல்லு, நான் எடுத்துட்டு வரேன்."

"காலிப் பித்தளைக் கூடு அனுப்பலாமா?"

"அது வெறும் பித்தளை. தாராளமா அனுப்பு."

"ஈயக் குண்டு?"

"அதுவும் போகும். தபால்காரன் இடுப்புதான் போயிடும்."

"அப்ப பிரைமர்?"

"இப்பத்தானேப்பா ஜெயில்னு சொன்னேன்?"

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கும் சின்ன மூடி. துப்பாக்கி ஊசி அதைத் தட்டியதும் பொறி கிளம்பி உள்ளே இருக்கும் மருந்து எரியும். குண்டும் கூடும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அனுப்பலாம். மருந்தும் பிரைமரும் மட்டும் அபாயப் பொருள். அவை தபாலில் போகக்கூடாது, விமானத்தில் ஏறக்கூடாது, என்னைப் போன்றவன் ஓட்டும் வண்டியில்தான் வர வேண்டும். அதற்கென்று தனிக் காகிதம் உண்டு. நான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காகிதம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இறங்கிப் போனால் அதை என் இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. வண்டி கவிழ்ந்தால் தீயணைப்புக்காரன் முதலில் தேடுவது என்னை இல்லை, அந்தக் காகிதத்தைத்தான்.

லவோனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஸ்போகேனில் இருக்கும் மகளுக்கு உருளைக்கிழங்கு ரொட்டி அனுப்ப நினைத்தார். லெஃப்சா என்போம். எங்கள் நார்வேக்காரக் குடும்பங்களில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. நல்ல கெட்டியான அட்டைப்பெட்டி வேண்டுமே என்று தேடி, தம்பி வீட்டுக் கொட்டகையில் கிடந்த ஒன்றைத் தூக்கி வந்தார். அது பிரைமர் வந்த பெட்டி. பக்கவாட்டில் ஆரஞ்சு நிறச் சாய்சதுரம், அதில் வெடிபொருள் என்பதற்கான எண்ணும் எழுத்தும். லவோன் மேலே விலாசத்தை ஒட்டினார், சதுரத்தைக் கவனிக்கவே இல்லை.

தபால் நிலையத்துக் கார்லீன் அதை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே இருந்த ஒன்பது பேரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். வெளியே மைனஸ் இருபது. தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் நாலு பேர் முழுக் கவசத்தோடு வந்து, நீளக் கம்பால் மூடியை நெம்பித் திறந்தார்கள். உள்ளே மூன்று டஜன் லெஃப்சா, வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி.

"என்ன லவோன், எங்களுக்குக் கொடுக்கணும்னா வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாமே" என்றாராம் தீயணைப்புத் தலைவர், வாயில் ஒன்றைத் திணித்தபடி.

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் ஒரு மாதம் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டார்கள். லவோன் அப்படிப்பட்டவர் இல்லை. அந்தத் தலைவரிடமே விதிகள் அச்சிட்ட தாள் எதுவும் உண்டா என்று கேட்டு வாங்கினார். வீட்டுக்குப் போய் முழுவதும் படித்தார். புரியாததற்கு இன்னொரு தாள் கேட்டார். ஒரு வீட்டில் இருபது பவுண்டு மருந்து வரை டப்பாவோடு சும்மா வைக்கலாம், அதற்கு மேல் ஐம்பது வரை ஒரு அங்குலக் கனப் பலகையில் செய்த பெட்டிக்குள் வைக்க வேண்டும், ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் அவருக்குப் லெஃப்சாவுக்கு எத்தனை உருளைக்கிழங்கு என்பது போல ஆகிவிட்டது. கணவர் உயிரோடு இருந்தபோது அவரை நச்சரித்து அந்தப் பலகைப் பெட்டியையும் செய்ய வைத்துவிட்டார். அந்த மனிதருக்கும் துப்பாக்கி ஆகாது. பெட்டியை முடித்துவிட்டு, "இதுல என்ன வைக்கப் போற, கம்பளியா?" என்று கேட்டாராம்.

வைத்தது தம்பிகளின் மருந்து. இனிமேல்தான் கதையே.

ஊருக்குள் ஹாஸ்மட் கட்டணம் என்று ஒன்றைத் திட்டாத வாய் கிடையாது. மருந்தோ பிரைமரோ வரவழைத்தால் பொருள் விலைக்கு மேல், அனுப்பும் கூலிக்கும் மேல், அபாயப் பொருளுக்கென்று தனியாக முப்பத்திரண்டு டாலர் வைப்பார்கள். இந்தக் கட்டணம் பெட்டிக்குத்தான், பண்டத்துக்கு இல்லை. ஒரே ஒரு பவுண்டு மருந்து வாங்கினாலும் முப்பத்திரண்டு, பெட்டி நாற்பத்தெட்டுப் பவுண்டு கனத்தாலும் முப்பத்திரண்டு. அதனால் இங்கே யாரும் தனியாக வரவழைப்பதில்லை. அண்டை அயலில் கூட்டுச் சேர்ந்து, பெட்டி வாய்வரை நிறையும்படி பார்த்து, ஒரே விலாசத்துக்கு வரவழைப்பார்கள். தனியாக ஒரு பவுண்டு வரவழைத்தவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

லவோன் மட்டும் அந்தக் கட்டணத்தை ஒரு வார்த்தை திட்டமாட்டார்.

அவருக்கு இரண்டு தம்பிகள். ஆர்லன் பிரெக்கி, டெல்மர் பிரெக்கி. ஆர்லனுக்கு அறுபத்தெட்டு, டெல்மருக்கு அறுபத்தாறு. அப்பா விட்டுப்போன நிலத்தை நடுவில் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கு நூறு மாடு வைத்திருக்கிறார்கள். இருவரிடமும் அப்பா ஒரே நாளில் வாங்கிக் கொடுத்த ஒரே மாதிரித் துப்பாக்கி. குண்டும் ஒன்றே. மருந்து மட்டும் வேறு. ஆர்லன் பச்சை லேபிள் கட்சி, டெல்மர் ஆரஞ்சு லேபிள் கட்சி.

பத்து வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில், இருவரும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போனார்கள். ஒரே ஆண் மானை இருவரும் ஒரே நொடியில் சுட்டார்கள். மான் விழுந்தது. போய்ப் பார்த்தால் உடம்பில் ஒரே ஒரு ஓட்டை. குண்டு மறுபக்கம் பாய்ந்து புல்வெளியில் எங்கோ போய்விட்டது. என்னுடையது என்றார் ஆர்லன். என்னுடையது என்றார் டெல்மர். அதோடு விட்டிருந்தால் மாலைக்குள் சிரித்திருப்பார்கள். ஆனால் ஆர்லன் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்: "உன் மருந்து அவ்ளோ தூரம் போகாதுடா." தன் கையால் எடைபோட்டு, தன் கையால் நிரப்பிய தோட்டாவைப் பற்றி ஒருவனிடம் அப்படிச் சொல்வது, எங்கள் பக்கத்தில், அவன் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதற்குக் கொஞ்சம்தான் கம்மி. டெல்மர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் ஒரு சொல் கிடையாது. வேலி அறுந்தால்கூட அவரவர் பக்கத்தை அவரவர் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒருவர் மத்தியானம் வருவார், மற்றவர் சாயங்காலம் வருவார்.

ஆனால் முப்பத்திரண்டு டாலரை இரண்டு தடவை கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை. பிரெக்கி வம்சத்தின் கை இறுக்கம் அப்படி. பேச்சை விட்டார்கள், பெட்டியை விடவில்லை.

ஆகவே வருடா வருடம் பிப்ரவரியில் இருவரும் தனித்தனியாக லவோனிடம் சீட்டுக் கொடுப்பார்கள். ஆளுக்கு எட்டுப் பவுண்டு டப்பா இரண்டு, கூடவே பிரைமர். லவோன் ஒரே பெட்டியாக வரவழைப்பார். மார்ச்சில், சுட்டுத் தள்ள வேண்டிய தரையணில்கள் வயலில் தலைநீட்டுவதற்கு முன்னால், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெட்டி வந்த சேதி போனதும், சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு வண்டிகளும் வாசலில் நிற்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் பெட்டியைத் திறக்கச் சம்மதிக்கமாட்டார். நம்பிக்கை அவ்வளவு! ஒருமுறை என் வண்டி பழுதாகி லவோன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டதால் அந்த வைபவத்தை நானே பார்த்தேன். ஒரே மேசை, இரண்டு கிழவர்கள், நடுவில் மூன்றடி தூரம்.

"லவோன், அவன்கிட்ட சொல்லு, பச்சை லேபிள் ரெண்டும் என்னுது."

"லவோன், அவன்கிட்ட சொல்லு, அதைத் தொட எனக்கென்ன பைத்தியமா? தக்காளிச் செடிக்கு உரமாப் போடக்கூட லாயக்கில்ல."

"லவோன், அவன்கிட்ட கேளு, அந்தக் கடைசித் துண்டு கேக்கைத் திங்கப் போறானா இல்ல பாத்துக்கிட்டே இருக்கப் போறானா."

லவோன் சலிக்காமல் திரும்பினார். "டெல்மர், கேக் வேணுமா?"

"வேணும்னு சொல்லு அவன்கிட்ட."

"ஆர்லன், வேணுமாம்."

"காது கேக்குது."

லவோன் அன்றைக்கு எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்தார். பெட்டிச் சீட்டை இரண்டு தடவை உரக்கப் படித்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவர் தலையில்தான் இருந்தது, எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பிரைமர் டப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஏதோ குறைகிறது என்று மறுபடி எண்ணினார். தம்பிகள் போன பிறகு தட்டுகளைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"வருஷத்துல ரெண்டு மணி நேரம், ராய்ஸ். ரெண்டு பேரும் என் மேசையில ஒண்ணா உக்காந்திருக்கானுங்க. அந்த முப்பத்திரண்டு டாலர் இருக்கறவரைக்கும் எனக்கு அது போதும். நூறு டாலரா ஏத்தினாலும் சந்தோஷம்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். அந்த விஷயம் இங்கே வேண்டாம்.

போன வருடம் பிப்ரவரி முதல் வாரம். லவோனுக்கு நூல்கண்டுப் பார்சல் கொடுக்கப் போனேன். மேசையில் வெடிமருந்துக் கடையின் விளம்பரத்தாள் விரித்துக் கிடந்தது. பெரிய சிவப்பு எழுத்து: இந்த ஒரு வாரம் மட்டும் ஹாஸ்மட் கட்டணம் இல்லை! ஊரே குதூகலித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் போன வீட்டிலெல்லாம் இதே பேச்சு. லவோன் மட்டும் இழவு விழுந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கட்டணம் இல்லேன்னா ஒரு பெட்டி எதுக்கு? ஆளுக்கொரு பெட்டி வாங்கிக்குவானுங்க. திறக்கறதுக்கு ஒருத்தனுக்கு ஒருத்தன் வேண்டாம். ஒருதடவை அப்படிப் பழகிட்டா முடிஞ்சுபோச்சு" என்றார். பிறகு வெடுக்கென்று போனை எடுத்தார். கடைக்கு அடிக்கிறார்! என் காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று நின்றேன். ஒலியைப் பெரிதாக வைத்திருந்ததால் அந்தப் பக்கத்துப் பெண் பேசுவதும் கேட்டது.

"வணக்கம், ஹாஸ்மட் கட்டணச் சலுகையப் பத்திக் கேக்கறீங்களா?"

"ஆமாம்மா. அதை நிறுத்த முடியுமா?"

"எதை நிறுத்தணும்?"

"சலுகையை. கட்டணத்தைப் போடுங்க. எங்க ஊருக்கு மட்டுமாவது போடுங்க."

"அம்மா, நான் இந்த நாற்காலியில ஏழு வருஷமா உக்காந்திருக்கேன். இந்தக் கட்டணம் பகல் கொள்ளைன்னு ஒரு நாளைக்கு நாப்பது பேர் என்னைத் திட்டறாங்க. என் அம்மாவைத் திட்டினவங்க இருக்காங்க. வேணும்னு கேக்கற முதல் ஆள் நீங்கதான்."

"சரி, பிரெக்கின்னு பேரு வந்தா மட்டும் போடுவீங்களா? ரெண்டே ரெண்டு பேருதான். அந்தக் காசை நான் தரேன்."

"அவங்களுக்கே தெரியாம அவங்ககிட்ட வாங்கி... அம்மா, நான் என் மேனேஜரக் கேட்டாலும் அவங்க எனக்கு லீவு போட்டுப் போய் ரெஸ்ட் எடுன்னுதான் சொல்லுவாங்க."

"ரொம்ப நல்ல பொண்ணா இருக்க. உன் பேரு என்னம்மா?" என்று கேட்டு, ஊர், குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் லவோன் போனை வைத்தார். காரியம் மட்டும் நடக்கவில்லை.

அந்த வாரம் தம்பிகளிடமிருந்து சீட்டு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. லவோன் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்ற பதில் வந்துவிடும் என்று பயம். நான் போகும்போதெல்லாம் காபி கிடைத்தது, கேக் கிடைக்கவில்லை. கேக் போடாத லவோனை நான் பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. கணவர் இறந்த வாரம்கூட அடுப்பில் ஏதோ இருந்தது.

"எல்லாருக்கும் மிச்சம்னு சந்தோஷப்படறாங்க. எனக்கு மட்டும்தான் நஷ்டம்" என்றார் ஒருநாள். பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் பதினோராம் தேதி காலை வண்டியில் ஏற்றும்போது அபாயப் பொருள் காகிதத்தைப் பார்த்தேன். இரண்டு பெட்டி. ஒன்றில் பெறுபவர் ஆர்லன் பிரெக்கி, மற்றதில் டெல்மர் பிரெக்கி. இரண்டும் லவோன் விலாசம். அது புரிந்தது. வயது வந்த ஒருவர் கையெழுத்துப் போடாமல் இந்தப் பெட்டியை நான் வாசலில் வைக்க முடியாது. பகலில் தம்பிகள் மாட்டோடு இருப்பார்கள். அதனால் அக்கா வீடு. புரியாதது எடை. வழக்கமாக இருவருக்கும் சேர்த்து வரும் ஒரு பெட்டி என்ன கனமோ, இப்போது ஒவ்வொன்றும் அதே கனம்.

பன்னிரண்டரைக்கு அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். லவோன் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். முகம் அப்படியே வாடிவிட்டது.

"பாத்தியா, சொன்னேன்ல. ஒரு வண்டி வரும், ஒரு பெட்டி போகும். இன்னொரு வண்டி வரும், இன்னொரு பெட்டி போகும். அடுத்த வருஷம் எதுக்கு வருவானுங்க இங்க?" என்றவர், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்ததும் நிமிர்ந்தார். சமையல்காரியின் கண் வேலை செய்தது. "இது என்ன எடை? ஆர்லன் ஒருத்தனுக்கு இவ்ளோவா? ஊரையே சுடப் போறானா?"

"எனக்கும் அதான் தெரியல."

"ஒரு பெட்டியில முப்பத்திரண்டு பவுண்டு மருந்து இருக்கும். ரெண்டும் சேர்ந்தா அறுபத்து நாலு." குரல் மாறிவிட்டது. லவோன் சட்டம் பேசும் குரல் அது. "என் வீட்டுல அம்பதுக்கு மேல நிக்கக்கூடாது, ராய்ஸ். ஒண்ணை இறக்கு, கையெழுத்துப் போடறேன். இன்னொண்ணு உன் வண்டியிலயே இருக்கட்டும்."

"எனக்கு இன்னும் பதினோரு வீடு இருக்கு லவோன்."

"நீ இன்னும் சாப்பிடல. உனக்கு முப்பது நிமிஷம் உண்டு. எனக்கு அந்த விதியும் தெரியும்."

அவருக்குத் தெரியாத விதி என்ன இருக்கிறது? உள்ளே போய் இரண்டு பேருக்கும் போன் போட்டார். ஆர்லனிடம் சொன்னதையே டெல்மரிடமும் சொன்னார்: "உன் பெட்டி வந்திருக்கு. சட்டத்தை மீறி ஒரு நிமிஷம்கூட என் வீட்டுல வெச்சிருக்க மாட்டேன். மாடு கன்னு போட்டா போடட்டும், நீ இப்ப வா." எனக்கு ஒரு தட்டில் பன்றி இறைச்சி ரொட்டி வைத்தார். அதைக் கடித்தபடி ஜன்னலில் பார்த்தேன். இரண்டு திசையிலிருந்தும் புழுதி கிளம்பி வந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் இறங்கினார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவருக்கும் மூஞ்சி விழுந்துவிட்டது. எதையோ ஒளித்துவைத்து அகப்பட்டவர்கள் முகம்.

"லவோன், அவன் எதுக்கு இங்க வந்திருக்கான்னு கேளு" என்றார் ஆர்லன்.

"அவன் பெட்டிக்கு அவன் வந்திருக்கான். உன் பெட்டிக்கு நீ வந்திருக்க. ரெண்டையும் மேசையில வைங்க. சரியாத்தான் வந்திருக்கான்னு பாக்காம நான் வெளிய விடமாட்டேன்."

அப்படி ஒரு விதியும் இல்லை. எனக்குத் தெரியும். ஐம்பது பவுண்டு விதி எங்கே போனதென்றும் கேட்கவில்லை, ரொட்டியை மென்றேன்.

டெல்மரின் பெட்டியையும் உள்ளே கொண்டுவந்து வைத்தேன். கையெழுத்தை அவரே போட்டார். இருவருமே பெட்டியைத் திறக்கத் தயங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கிறேன் என்றார் டெல்மர். எனக்கும் அவசரம் என்றார் ஆர்லன். லவோன் கத்தியை எடுத்து இரண்டையும் தானே கீறினார்.

ஆர்லனின் பெட்டியில் எட்டுப் பவுண்டு டப்பா நான்கு. இரண்டு பச்சை லேபிள். இரண்டு ஆரஞ்சு.

டெல்மரின் பெட்டியிலும் நான்கு. இரண்டு ஆரஞ்சு. இரண்டு பச்சை.

என் வாயில் இருந்த ரொட்டியை விழுங்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆர்லன், டெல்மரின் பெட்டியில் இருந்த பச்சை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது. பிறகு நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இதை எதுக்குடா வாங்கின?"

அதில் லவோன் என்ற சொல் இல்லை.

டெல்மர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அண்ணனைப் பார்த்தார். "உனக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது. ஒரு வாரம் போயிடும், அப்புறம்தான் உனக்குச் சேதியே வரும். சும்மா கிடைச்சதை விட்டுட்டோமேன்னு வருஷம் பூரா அழுவ. அந்த அழுகைய லவோன் கேக்கணுமேன்னு வாங்கினேன்."

"நான் அழுவேனா? வைக்கோல் அளக்கப் போய் தேதியை மறக்கறவன் யாரு? நீதான். உனக்காகத்தான் இந்தக் கண்றாவி ஆரஞ்சை என் சொந்தக் காசு போட்டு வாங்கினேன்."

"யாரு வாங்கச் சொன்னா உன்னை?"

"உன்னை யாரு வாங்கச் சொன்னா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"எப்படிச் சொல்றது? பேசறதில்லையே!"

இதைச் சொன்னபோது ஆர்லனின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் கத்தினார். டெல்மர் அதைவிடக் கத்தினார். ஆளுக்கு இரண்டு வருடத்து மருந்து சேர்ந்துவிட்டது, இதை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை. யார் கொட்டகையில் ஈரம் அதிகம் என்று இன்னொரு சண்டை. வாங்கியதற்குக் காசு தருகிறேன் என்று ஒருவர், காசை நீட்டினால் கையை ஒடிப்பேன் என்று மற்றவர். டெல்மர் பழக்கத்தில் பாதியில் திரும்பி, "லவோன், அவன்கிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார்.

"நீயே சொல்லு. எனக்கு இன்னிக்குக் காது கேக்கல" என்றார் லவோன்.

டெல்மர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் திரும்பி அண்ணனிடமே கத்தினார்.

என் முப்பது நிமிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினேன். லவோன் என் பின்னாலேயே படிவரை வந்தார். உள்ளே மேசையை யாரோ குத்தும் சத்தம். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"உள்ள போங்க லவோன், கை வெச்சிரப் போறாங்க" என்றேன்.

"வெக்கட்டும்." கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கும்படி நின்றார். "ஒன்பது வருஷமா இந்த வீட்டுல ஒரு சண்டை கிடையாது, ராய்ஸ். ஒரே ஒரு சண்டைகூடக் கிடையாது. கேளு, எவ்ளோ நல்லா போடறானுங்க!"